மிதுசன் ஞாபகார்த்தச் சுழற்கேடயம்

அந்த மைதானம் முழுவதிலும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தவள் இந்திராதேவி ஒருத்திதான். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்தவர் அவளுடைய புருஷன் உருத்திரமூர்த்தி ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஜீன்ஸும் கம்பளித் தொப்பியுமாக வைக்கோல் கட்டுகளின் மேல் குந்தியிருந்து, சூடாக்கிய அப்பிள் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் முகங்களில் புலியும் பூனையும் வரைந்து விட்டிருந்தார்கள். கணித வாத்தியார் ஒருவர் பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பலகையில் இருந்தார். பந்தை எறிந்து குறி தப்பாமல் பட்டால் பலகை விலகும், வாத்தியார் தொட்டிக்குள் விழுவார். ஒக்டோபர் குளிரில் ஒரு வாத்தியாரைத் தண்ணீரில் விழுத்துவதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வாத்தியாரும் சிரித்துக்கொண்டு இருந்தார்.

“இதுக்கோ என்னைப் பட்டுச்சேலை கட்டச் சொன்னனீங்கள்?” என்றாள் இந்திராதேவி. சேலைக்கு மேலே போட்டிருந்த குளிர்ச் சட்டை முழங்கால்வரை வந்து சேலையின் அழகையெல்லாம் மறைத்திருந்தது. கீழே தெரிந்த கரை பஸ் ஏறும்போதே சேறாகிவிட்டது.

“பேசாமல் வாரும். வெளியிலை நடக்கிறது கானிவல். விழா உள்ளுக்கை நடக்கும்” என்றார் உருத்திரமூர்த்தி. அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும், பூப்போட்ட படுக்கை விரிப்பால் சுற்றிய கேடயம் இருந்தது. வீட்டுக்குக் கிட்ட, கோட்-டெ-நெய்ஜில் பஸ் ஏறியதிலிருந்து அதை அவர் மடியை விட்டுக் கீழே வைக்கவில்லை. பஸ்ஸில் ஒரு கிழவி, குழந்தைக்கு என்ன வயது என்று பிரெஞ்சில் கேட்டாள். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்திராதேவிக்கு அந்த இடத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

அவர்களுடைய மகன் மிதுசன் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். போன வருடம் இளவேனிலில் தலையிடி என்று படுத்தவனை மூளைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இருந்திருந்தால் இந்த யூன் மாதத்தில் படிப்பை முடித்து வெளியேறியிருப்பான். தங்கை நிரோஜா இப்போதும் இங்கேதான் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வயதாகிறது என்பதால் இந்த முறை இலையுதிர்காலக் கானிவலோடு பழைய மாணவர் ஒன்றுகூடலையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த அறிவித்தலை நிரோஜா வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் உருத்திரமூர்த்தி கேடயக் கதையை எடுத்தார்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை செத்தால், தகப்பன் செத்தால், அவர்களுடைய பேரில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுழற்கேடயம் கொடுப்பார்கள். வருடா வருடம் வெல்கிறவன் அதை வாங்கிக்கொண்டு போய் அடுத்த வருடம் திருப்பிக் கொடுப்பான். அவனுடைய பேரையும் ஓரத்தில் ஒரு சின்னத் தகட்டில் வெட்டுவார்கள். உருத்திரமூர்த்திக்கு, தான் முகம் பார்த்தறியாத எத்தனையோ செத்துப்போன பொடியன்களின் பேர் இன்றைக்கும் பாடம். அவ்வளவும் பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பதிந்தவை.

“பள்ளிக்கூடம் இருக்குமட்டும் பேரும் இருக்கும் இந்திரா” என்றார் அவர்.

இந்திராதேவி முதலில் இணங்கவில்லை. இந்த நாட்டுக்காரருக்கு இதெல்லாம் விளங்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு. ஆனால் அவளுக்கும் மனதில் ஒரு எரிச்சல் கிடந்தது. பிள்ளை போன நாளிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூட அவனுடைய பேரைச் சொல்லவில்லை. நிரோஜாவின் அறிக்கை வாங்க வந்தால் ஆசிரியர்கள் இவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்கள், தலையை ஒரு பக்கம் சரிப்பார்கள், ‘உங்களுடைய மகன்’ என்பார்கள். சில பேர் அதையும் சொல்லாமல் ‘அந்த விஷயம்’ என்பார்கள். பதினாறு வருடம் அவள் வாய் நிறையக் கூப்பிட்ட பேர் அது. அந்தப் பேரை ஒரே ஒரு முறை, மைக்கில், உரத்து, எல்லோருக்கும் கேட்கிறாற்போல யாராவது சொல்லவேண்டும். அதற்காகத்தான் அவள் கடைசியில் ஓம் என்றாள். அதற்காகத்தான் பட்டுச்சேலையும் கட்டினாள்.

கேடயம் ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கடையில் செய்தது. கறுத்த மரம், நடுவே வெள்ளித் தகடு, சுற்றிவர வெல்கிறவர்களின் பேர் வெட்டுவதற்கு வெறுந் தகடுகள். நடுத் தகட்டில் பிரெஞ்சில் மிதுசன் உருத்திரமூர்த்தி ஞாபகார்த்தச் சுழற்கேடயம் என்று மட்டும் இருந்தது. எதற்குக் கொடுப்பது என்று வெட்டவில்லை. “அதை அதிபர் தீர்மானிக்கட்டும், நாங்கள் கட்டளை போடக்கூடாது” என்று உருத்திரமூர்த்தி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

மாணவர் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான மதாம் லுசிக்கு நிரோஜாதான் மின்னஞ்சல் எழுதினாள். மிகவும் அழகான எண்ணம், கட்டாயம் கொண்டு வாருங்கள், உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். உருத்திரமூர்த்தி அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

“அப்பா, அவ அப்பிடிச் சொல்லேல்லை” என்றாள் நிரோஜா.

“கொண்டு வாங்கோ எண்டு ஏன் பிள்ளை சொல்லுவினம்? மேடையிலை வைச்சு வாங்கத்தானே.”

நிரோஜா தோளை உயர்த்திவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். இன்றைக்கும் அவள் விடியவே கிளம்பி வந்துவிட்டாள். வெளியே பஞ்சுமிட்டாய்க் கடையில் அவளுக்கு முறை.

விழா உண்மையாகவே உள்ளேதான். பெரிய உடற்பயிற்சி மண்டபத்தில் மேடை போட்டு, வரிசையாகக் கதிரைகள் அடுக்கி, கூரையெல்லாம் செம்மஞ்சள் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த ஒரு நீள மேசை. அதில் பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் உருத்திரமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீரே? பரிசு மேசை. நான் சொன்னனான்.”

ஊரில் விளையாட்டுப் போட்டி நடக்கிற எந்தப் பள்ளிக்கூடத்திலும் மேடைக்கு முன்னால் இப்படி ஒரு மேசை இருக்கும். கிண்ணங்களும் கேடயங்களும் அதில்தான் நிற்கும். இந்த மேசையில் கிண்ணத்தைக் காணவில்லை. கோப்பி போடுகிற இயந்திரம், பாற்கட்டிகள் நிரப்பிய கூடை, ஹொக்கி மட்டை, கம்பளிப் போர்வை என்று ஏதேதோ இருந்தன. வெள்ளைக்காரன் வீட்டுக்கு உதவுகிற பொருளாகத்தான் பரிசு கொடுப்பான் என்று அதற்கும் உருத்திரமூர்த்தியிடம் விளக்கம் இருந்தது. பாற்கட்டிக் கூடையைக் கொஞ்சம் அரக்கிவிட்டு, விரிப்பைக் குலைத்து, கேடயத்தை நட்ட நடுவில் நிமிர்த்தி வைத்தார். கைலேஞ்சியால் தகட்டைத் துடைத்தார்.

மேசைக்குப் பொறுப்பாக இருந்த, தலைமயிருக்குப் பச்சை அடித்த ஒரு மாணவி, “எவ்வளவு அழகு! மிகவும் நன்றி ஐயா” என்று பிரெஞ்சில் சொல்லி, ஒரு வட்ட ஒட்டுத்தாளை எடுத்துக் கேடயத்தின் மூலையில் ஒட்டினாள். அதில் ஏழு என்று எழுதியிருந்தது.

“ஏழாவதாக் கூப்பிடப் போயினம்” என்றார் உருத்திரமூர்த்தி.

இந்திராதேவிக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது. இலக்கம் போட்டுவிட்டார்கள் என்றால் எங்கேயோ எழுதியும் வைத்திருப்பார்கள். இருவரும் முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்களை அங்கே நிம்மதியாக இருக்க விட்டால்தானே. முதலில் ஒரு பையன் வந்து, இது வாத்தியக் குழுவுக்கு ஒதுக்கிய வரிசை என்றான். எழும்பி இரண்டாம் வரிசைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்தவன் வந்து, இது எழுபதாம் ஆண்டுகளில் படித்தவர்களுக்கு என்றான். தங்களைப் பார்த்தால் எழுபதுகளில் இங்கே படித்தவர்கள் மாதிரியா தெரிகிறது என்று இந்திராதேவிக்குக் கோபம் வந்தது. கடைசியில் சுவர் ஓரமாக, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இடம் கிடைத்தது. அங்கிருந்து மேடையின் பாதிதான் தெரிந்தது.

“போய் அந்த மதாமிட்டைக் கேளுங்கோவன், எப்ப கூப்பிடுவினம் எண்டு.”

“நாங்களே போய்க் கேக்கிறதோ? மரியாதை கெட்ட வேலை. கேடயம் குடுக்கிறவனை அவையள்தான் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்.”

“கூப்பிடாட்டி?”

“கூப்பிடுவினம்.”

இந்தக் ‘கூப்பிடுவினம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த மனுசன் தன் வாழ்க்கையையே ஓட்டிவிட்டார் என்று இந்திராதேவி நினைத்தாள். அகதி விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே பழகியவர். ஒரு இடத்தில் கதவைத் தட்டினார் என்று சரித்திரமில்லை. அவளுக்குப் பசித்தது. வெளியிலிருந்து பொரித்த உருளைக்கிழங்கின் மணம் வந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டால் எண்ணெய்க் கையோடு எப்படி மேடை ஏறுவது என்று அதற்கும் அவர் தடை போட்டுவிட்டார்.

வாத்தியக் குழு வாசித்தது. பெண்பிள்ளைகள் நடனம் ஆடினார்கள். பூசணிக்காயில் முகம் வெட்டும் போட்டியில் வென்றவர்களை மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மைக்கில் யாராவது தொண்டையைச் செருமினால் உருத்திரமூர்த்தி கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கதிரையிலிருந்து பாதி எழும்புவார். வேறு ஒரு பேர் வரும். பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடி உட்காருவார். பார்க்கப் பார்க்க இந்திராதேவிக்கு அவர்மீது ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது கூட என்று அவளுக்கே தெரியவில்லை.

பொறுத்தது போதும் என்று அவளே எழும்பினாள். மதாம் லுசி மேடையின் பக்கவாட்டில் கையில் வோக்கி டோக்கியோடு நின்றாள். இந்திராதேவியைக் கண்டதும் அவளுடைய முகம் மாறிவிட்டது. தலை ஒரு பக்கம் சரிந்தது. ஓடி வந்து இறுக்கக் கட்டிப்பிடித்தாள்.

“வந்தீர்களே, வந்தீர்களே. எனக்கு எவ்வளவு சந்தோஷம்” என்றாள் மெதுவாக, ஆஸ்பத்திரியில் கதைக்கிற குரலில்.

“மிதுசன்ரை…” என்று தொடங்கிய இந்திராதேவி, பிரெஞ்சுக்கு மாறி, “மிதுசனுடைய கேடயம்… மேசையில்… எப்போது?” என்று தன்னிடம் இருந்த சொற்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

“கொண்டு வந்துவிட்டீர்களா? அருமை. கட்டாயம் வந்து பார்க்கிறேன். நல்ல ஒரு இடம் பார்ப்போம், அமைதியான இடமாக” என்றாள் மதாம் லுசி. வோக்கி டோக்கி கரகரத்தது. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதாம். அவள் இந்திராதேவியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு ஓடிவிட்டாள். அவள் ஓடின பிறகுதான் இந்திராதேவிக்கு உறைத்தது, தான் இரண்டு தரம் சொல்லியும் மதாம் அந்தப் பேரை ஒரு தரமும் சொல்லவில்லை. சொன்னால் வாய் வெந்துவிடுமா? அமைதியான இடமாம். அமைதி இவர்களுக்குப் போதாமல் இருக்கிறதா?

திரும்பி வரும்போது வாசலில் நிரோஜா நின்றாள். முன்கையெல்லாம் பஞ்சுமிட்டாயின் சீனி ஒட்டியிருந்தது.

“அம்மா, என்ன கேட்டனீங்கள் அவவிட்டை? தயவு செய்து ஒண்டும் கேளாதேங்கோ.”

“ஏன்? நான் கேட்டா உமக்கென்ன வெக்கம்?”

“என்ரை வகுப்பிலை ஒருத்தரும் என்னோடை அண்ணாவைப் பற்றிக் கதைக்கிறேல்லை. நானும் கதைக்கிறேல்லை. அப்பிடியே பழகிப்போச்சு. நீங்கள் வந்து பட்டுச்சேலையோடை நிண்டா எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்.”

“பாக்கட்டும்.”

“உங்களுக்கு விளங்காது” என்று சொல்லிவிட்டு நிரோஜா மறுபடி வெளியே போனாள். பின்னால் போய் அவளைப் பிடித்து நிறுத்தவேண்டும் போல இந்திராதேவிக்கு இருந்தது.

அதற்குள் அதிபர் மேடைக்கு வந்துவிட்டார். பத்து வருடத்துக்கு ஒரு கூட்டமாகப் பழைய மாணவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். எழுபதுகள் என்றதும் இரண்டாம் வரிசையில் நரைத்த தலைகள் எழும்பிக் கூச்சல் போட்டன. அவர்களில், செம்மஞ்சள் சால்வை போட்ட ஒரு பருத்த பெண், தொண்டை கிழிய விசில் அடித்தாள். எண்பதுகள் எழும்பின, தொண்ணூறுகள் எழும்பின, அதற்குப் பிந்தியவர்களும் எழும்பினார்கள். கடைசியாக அதிபர், “நம்முடைய கடைக்குட்டிகள், இந்த யூனில் முடித்தவர்கள்!” என்றார்.

அது மிதுசனுடைய வகுப்பு. மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து உயரம் உயரமாக இளைஞர்கள் எழும்பினார்கள். சிலருக்குத் தாடி முளைத்துவிட்டது. மிதுசனோடு வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டவன் ஒருவனை இந்திராதேவி கண்டுபிடித்தாள். அவனும் இவளைக் கண்டான். கண்ட உடனே குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். அதிபர் எல்லோருக்கும் நன்றி சொன்னார், சமையற்கூடத்துக்கு நன்றி, வாகனத் தரிப்பிடம் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி. பிறகு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

“வாங்கோ போவம்” என்றாள் இந்திராதேவி. “காணும். நன்றியுரையும் முடிஞ்சுது. இனி என்னத்துக்கு இருக்கிறது?”

“பரிசளிப்பு இன்னும் நடக்கேல்லையே. மேசையிலை சாமான் எல்லாம் அப்பிடியே இருக்கு.”

“எனக்கு இனி ஏலாது. உங்கடை கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வாங்கோ. வீட்டிலை அவன்ரை படத்துக்குப் பக்கத்திலை வைப்பம்.”

“இந்திரா, சும்மா இரும்.” அவர் மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வீட்டிலை வைக்கவோ நான் இவ்வளவு பாடுபட்டனான்?”

மதாம் லுசி மைக்கோடு மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். பச்சைத் தலை மாணவி ஒரு பெரிய கண்ணாடிச் சாடியைத் தூக்கி வந்தாள். மண்டபத்தில் எல்லோரும் பைகளையும் சட்டைப் பொக்கற்றுகளையும் துழாவத் தொடங்கினார்கள். முதலாவது கோப்பி இயந்திரம், அதற்கு ஒரு பெண் ஓடினாள். இரண்டாவது போர்வை. உருத்திரமூர்த்தி விரல் மடித்து எண்ணிக்கொண்டு இருந்தார். பாற்கட்டிக் கூடை ஆறாவதாகப் போனபோது அவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

இந்திராதேவி அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தற்செயலாகப் பக்கத்துக் கதிரைக்காரனின் கையைப் பார்த்தாள். அவன் கையில் நீட்டு நீட்டாக ரோஸ் நிறச் சீட்டுகள் இருந்தன. முன்னால் இருந்தவளின் கையிலும் இருந்தன. கோயில் மண்டபத்துக் கலைவிழாவில் எத்தனை தரம் அவளே வாங்கியிருக்கிறாள். சீட்டிழுப்பு!

“என்னங்கோ!” என்று கத்தினாள். அந்த இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்?

மதாம் லுசி சாடிக்குள் கையை விட்டுக்கொண்டே, “ஏழாவது பரிசு, ஆ, இது மிகவும் கம்பீரமாக இருக்கிறதே” என்று உற்சாகமாகச் சொன்னாள். மாணவி கேடயத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். மதாம் தகட்டை வாசித்தாள். “மித்…” என்றாள். அதோடு நின்றுவிட்டாள். மைக்கில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. மாணவி கேடயத்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மதாமின் கையில் இருந்த சீட்டை வாங்கி, நிலைமை தெரியாமல், இலக்கத்தை உரக்க வாசித்துவிட்டாள்.

“நான்! நான்!” என்று செம்மஞ்சள் சால்வைக்காரி கதிரையைத் தட்டிவிட்டு ஓடிவந்தாள்.

உருத்திரமூர்த்தி அதற்குள் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மாணவியின் கையிலிருந்து கேடயத்தைத் தானே வாங்கி, கொடுப்பதற்கு ஆயத்தமாக நிமிர்ந்து நின்றார். அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து, சீட்டை நீட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார். சாடியைப் பார்த்தார். அவருடைய தோள்கள் விழுந்ததை இந்திராதேவி அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டாள். மண்டபம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர் கேடயத்தை இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார், கை குலுக்கினார், எங்கே போகிறோம் என்று தெரியாதவர் போலச் சுவர் ஓரமாகத் திரும்பி நடந்தார்.

இந்திராதேவி பாதி வழியிலேயே போய் அவரைப் பிடித்தாள்.

“குலுக்கிப் போட்டினம் இந்திரா” என்றார். “என்ரை பிள்ளையைச் சாடிக்குள்ளை போட்டுக் குலுக்கிப் போட்டினம். நானே கொண்டுபோய் அந்த மேசையிலை வைச்சனே. என்ரை கையாலை வைச்சனே.”

அவரைத் திட்டுவதற்கு அவள் காலையிலிருந்து சேர்த்து வைத்த சொற்கள் ஏராளம். அவற்றை விட்டுவிட்டு, அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மைக்கை மாணவியிடம் கொடுத்துவிட்டு மதாம் லுசி ஓடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு நிரோஜாவும் வெளியிலிருந்து வந்துவிட்டாள்.

“என்னை மன்னியுங்கள். பயங்கரமான தவறு. நான் பார்த்திருக்கவேண்டும்” என்றாள் மதாம். கண் கலங்கியிருந்தது. “இப்போதே போய்த் திருப்பி வாங்கி வருகிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் வைத்துப் பூட்டுவோம். அமைதியாக, மரியாதையாக.”

நிரோஜா தமிழில் சொன்னாள். உருத்திரமூர்த்தி தலையை ஆட்டினார். “வாங்கித் தரச் சொல்லு பிள்ளை. எங்கையெண்டாலும் வைக்கட்டும்.”

மதாம் லுசி திரும்பி இரண்டாம் வரிசையை நோக்கி விரைந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. செம்மஞ்சள் சால்வைக்காரி கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்று, கேடயத்தை உயர்த்திப் பிடித்தபடி, மண்டபத்தின் மறுகோடியில் நின்ற தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு கிண்ணம்கூட வாங்காதவளாம் அவள். நிரோஜா சொல்லித்தான் அது இந்திராதேவிக்கு விளங்கியது. ஆனால் அந்தப் பெண் அடுத்ததாகக் கத்தியது விளங்குவதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“மித்தூசான்! பாருங்களடி, மித்தூசானை வென்றது நான்!”

“எதை வென்றாய்?” என்று யாரோ பின்னால் இருந்து பிரெஞ்சில் கேட்டார்கள்.

“மித்தூசான்! மித்தூசான்!” என்று அவள் இன்னும் உரத்துச் சொன்னாள். கூட்டாளிகள் ஓடிவந்து கேடயத்தைப் பறித்தார்கள். ஒருத்தி தகட்டைத் தடவித் தடவி வாசித்தாள். அடுத்தவள் எட்டிப் பார்த்து வாசித்தாள். எழுபதுகளின் கிழங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு, ஹொக்கிக் கிண்ணத்தை வென்றவர்கள் போல அதைக் கைமாற்றிக் கைமாற்றி, அந்தப் பேரை ஆளாளுக்கு ஒரு விதமாகக் கூவினார்கள். பின்வரிசையில் தாடிக்காரப் பொடியன்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். இடியப்பம் சாப்பிட்டவன் கதிரையை விட்டே எழும்பிவிட்டான்.

ஒருவரும் குரலைத் தாழ்த்தவில்லை. ஒருவரும் தலையைச் சரிக்கவில்லை.

மதாம் லுசி அவர்களுக்குக் கிட்டப் போய்விட்டாள். இந்திராதேவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதிரைகளுக்கு நடுவால் ஓடினாள். குளிர்ச் சட்டை கழன்று எங்கேயோ விழுந்தது. மதாமின் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

“வேண்டாம் மதாம்” என்றாள் பிரெஞ்சில். “விடுங்கள். அவளிடமே இருக்கட்டும்.”

“ஆனால் மதாம், அது உங்களுடைய…”

“இருக்கட்டும்.”

உருத்திரமூர்த்தியும் நிரோஜாவும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அவர் அவளைக் கோபமாகப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முன்னால் இருந்த கூட்டம் மறுபடியும் அந்தப் பேரைக் கூவியது. கோட்டுப் பொத்தானை அவருடைய கை தானாகத் தேடியது.

நிரோஜாவின் முகம் சிவந்திருந்தது. பள்ளிக்கூடம் முழுவதும் தன் அண்ணனுடைய பேரைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவள் தாயின் கையைச் சீனி ஒட்டின கையால் பிடித்தாள்.

“அம்மா, அவை அண்ணான்ரை பேரைப் பிழையாச் சொல்லினம். நான் போய்ச் சொல்லிக் குடுக்கட்டோ?”

“போம்” என்றாள் இந்திராதேவி. “உரத்துச் சொல்லும்.”